சிஸ்டர் கொடுத்த திருட்டுப் புகார்

"திருடி! என் சிலுவையைத் திருடிட்டா! யாராவது போலீஸைக் கூப்பிடுங்க!"

விமான நிலையமே திரும்பிப் பார்த்தது. கத்தியவர் ஒரு கன்னியாஸ்திரி. அவர் பிடியில் ஒரு சின்னப் பெண் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கவுன்டரில் போர்டிங் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுத்த சிஸ்டர் இவர்.

அரைமணி முன்புதான் குழந்தை மாதிரித் துள்ளிக்கொண்டு வந்து பெட்டியைப் போட்டார். ஆள்கடத்தலை ஒழிக்க அறுபது நாட்டுக் கன்னியாஸ்திரிகள் கூடும் மாநாடாம்.

"மனுஷரை விக்கிறது கடவுளையே விக்கிற மாதிரிம்மா. நாளைக்கு மேடையில அதைத்தான் போட்டு உடைக்கப் போறேன்!" என்று சொல்லிவிட்டு, இந்தப் பெண் இருந்த பெஞ்சில்தான் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சிரித்துப் பேசினார்கள். அதற்குள் இந்தக் கூத்து!

நாளைக்கு மேடையில் ஏழைப் பிள்ளைகளுக்காக உருகப்போகிறவர், இன்றைக்கு ஒரு ஏழைப் பிள்ளையின் மானத்தை நடுக்கூடத்தில் வாங்குகிறாரே! கவுன்டர்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சபாரி சட்டைக்காரர் ஒருவர் ஓடிவந்தார். பின்னாலேயே அதே வயதில் மூன்று பெண்கள்.

"என்ன சிஸ்டர் இது? இவ என் அக்கா மக. வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன். நாங்க திருடுற குடும்பமில்ல!"

"அப்ப சோதனை போடட்டும்! பெண் போலீஸ் எங்க? தனி ரூம்ல வெச்சுத் தேடட்டும்!"

"பாவம் சிஸ்டர், சின்னப் பொண்ணு" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"உங்க வேலையைப் பாருங்க!"

பெண் போலீஸ் வந்தார். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். சபாரிக்காரரும் கூடவே நுழையப் பார்த்தார்.

"பெண்களைச் சோதனை போடுற ரூம் சார். ஆம்பளைங்க வெளிய நில்லுங்க."

கதவு சாத்தப்பட்டது.

ஒலிபெருக்கியில் சிஸ்டரின் விமானத்துக்குக் கடைசி அழைப்பு. கவுன்டர்காரி பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தாள்.

"சிஸ்டர், கிளம்புங்க. ஒரு சிலுவைக்காக மாநாட்டை விடுவாங்களா?"

சிஸ்டர் அசையவில்லை. அந்த மூன்று பெண்களை ஒட்டி நின்றுகொண்டு, கண் இமைக்காமல் கதவையே பார்த்தார். முகமெல்லாம் வியர்வை. வீம்புக்கும் ஓர் அளவில்லையா?

விமானம் போயே போய்விட்டது.

கதவு படாரென்று திறந்தது.

"அந்த ஆளை விடாதீங்க! வாசலை அடைங்க!"

சபாரிக்காரர் எடுத்தார் ஓட்டம். தள்ளுவண்டி ஒன்றில் இடித்து, பெட்டிகளோடு குப்புற விழுந்தார். இரண்டு காவலர்கள் அவர்மேல் பாய்ந்து அமுக்கினார்கள். கூடமே கைதட்டியது!

"அவன் மாமாவும் இல்ல, மண்ணும் இல்ல!" பெண் போலீஸுக்கு மூச்சு வாங்கியது. "நாலு பேரையும் விக்கக் கூட்டிட்டுப் போறான். வாயைத் திறந்தா வீட்டுல இருக்கிற தங்கச்சியைத் தூக்கிடுவேன்னு மிரட்டி வெச்சிருக்கான். கதவைச் சாத்தின பிறகுதான் அந்தப் பொண்ணு பேசுச்சு. உங்க சிலுவைதான் கிடைக்கல சிஸ்டர்."

"எப்படிக் கிடைக்கும்? அது என் பைக்குள்ள இருக்கு."

"பைக்குள்ளயா?" என்றாள் கவுன்டர்காரி.

"பெஞ்சுல பேசிக்கிட்டிருந்தப்ப அந்தப் புள்ள ஹோட்டல் வேலைன்னு விலாசத்தைக் காட்டுச்சும்மா. அந்த ஊர்ல இருக்கிற எங்க சிஸ்டருக்கு உடனே போன் போட்டேன். அப்படி ஒரு ஹோட்டலே இல்லையாம்!"

"நேரா போலீஸ்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"போன வருஷம் வேற ஒரு பொண்ணுக்காக அப்படித்தான் சொன்னேன். வந்து விசாரிச்சாங்க. அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே, 'ஆமா, இவர் என் மாமாதான்'னு சொல்லிடுச்சு. என் கண்ணு முன்னாலயே விமானம் ஏறிடுச்சும்மா. இன்னிக்கு வரைக்கும் எங்க இருக்கோ, தெரியல." சிஸ்டர் சோதனை அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அதான் இந்தத் தடவை, அவன் நுழைய முடியாத ஒரு கதவு வேணும்னு இருந்தேன்."

அந்தப் பெண் வெளியே வந்தாள். சிஸ்டர் ஓடிப்போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அவள் அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

கவுன்டர்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "இருந்தாலும் சிஸ்டர்... பொய்ச்சாட்சி பாவமாச்சே? ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணுமே?"

"பண்ணத்தாம்மா போறேன். ஆனா செஞ்ச பாவத்துக்கு மனசு வருந்தினாத்தானே மன்னிப்பு? நானும் வருந்திப் பார்க்கிறேன், இந்தப் புள்ள முகத்தைப் பார்த்தா வரவே மாட்டேங்குது!"