டிரைவர் மேல் தப்பு

"நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் கொடுக்குற கன்ட்ரோல் மாட்யூல் போயிருந்துச்சு சார். மாத்தியாச்சு. இனிமே வண்டி உதறாது," என்றாள் சர்வீஸ் இன்ஜினீயர் இலக்கியா.

கார்க்காரர் முத்துராஜுக்குக் கோபம் வந்தது. "போன வருசம் இதே உதறலுக்கு 'டிரைவருக்கு ஓட்டத் தெரியலை'ன்னு எழுதிக் கொடுத்தது நீங்கதானம்மா? அதை நம்பித்தான் அய்யாக்கண்ணுவை வேலையை விட்டு நிப்பாட்டினேன்."

"என் தப்புதான் சார். அன்னைக்கு நான் வண்டிக் கோளாறைக் காட்டுற ஸ்கேனரை மாட்டிப் பார்க்கலை."

"பாவம்மா அந்த மனுசன். திரும்பக் கூப்பிட்டுக்கிறேன்."

"வரமாட்டாரு. 'படிச்ச புள்ள எழுதுனா சரியாத்தான் இருக்கும்'னு அன்னைக்கே லைசென்ஸைக் கிழிச்சுப் போட்டுட்டாரு."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

கழற்றிய மாட்யூலையே பார்த்துக்கொண்டிருந்தாள் இலக்கியா.

"பெத்த அப்பாவுக்குச் சலுகை காட்டுனேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான் சார், நான் ஸ்கேனரையே தொடலை."