காட்டுக் காசித்தும்பை

கேட்கக் கூடாது என்றுதான் வந்திருந்தாள். கேட்டுவிட்டாள்.

"வெயில் காலத்துல போனா ஆகாதா தாயி?"

எதிரே உட்கார்ந்திருந்த பெண் தலையை ஆட்டினாள். முத்தரசி என்று பெயர். தோட்டக்கலை முதுகலை படிக்கிறாள். மலையில் தண்ணீர் வழியும் பாறைகளில் முளைக்கிற காட்டுக் காசித்தும்பைகளைத் தேடிப் போக உதவித்தொகை கேட்டு வந்திருக்கிறாள்.

"வெயில்ல செடியே இருக்காதும்மா. மழை பிடிச்சாத்தான் முளைக்கும், பூக்கும்."

"பறிச்சுக் கீழ கொண்டாந்து பார்க்கலாம்ல?"

"கீழ வர்றதுக்குள்ள பூ கரைஞ்சு போயிரும். பாறையிலயே உக்காந்து வரைஞ்சாத்தான் உண்டு."

பதில் அவளுக்குத் தெரியும். மகள் செண்பகமும் இதையேதான் சொன்னாள். பையில் துணிகளைத் திணித்துக்கொண்டே, அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று சிரித்துக்கொண்டே.

அந்த ஆடியில் செண்பகம் வழுக்கி விழுந்தது அப்படியொரு பாறையிலிருந்துதான்.

உதவித்தொகை செண்பகத்தின் பெயரில் இருக்கிறது. தோட்டக்கலை படிக்கிற பிள்ளைகளின் ஆய்வுக்கும் பயணத்துக்கும் என்று, மகளின் நினைவாக அவள்தான் ஏற்படுத்தினாள். ஆண்டுக்கு ஒருவருக்கு. செண்பகத்துக்குப் பாடம் நடத்திய அருளானந்தம் சார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முடிவு அவளுடையது.

பயணத்துக்கு என்று பெயர் வைத்தாளே தவிர, இதுவரை ஒரு பிள்ளையையும் மலைக்கு அனுப்பியதில்லை.

மல்லிகை ஆய்வுக்குக் கொடுத்தாள். மதுரைக்குப் பஸ்ஸில் போய்ப் பொழுதோடு திரும்பிவிடலாம். மாடித்தோட்டத்துக்குக் கொடுத்தாள். போன வருஷம் கம்பத்துத் திராட்சைக்கு. காடு, மலை என்று வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, நன்றாய்ப் படி என்று சொல்லி, வெறுங்கையோடு அனுப்பினாள்.

சாருக்கு இது புரியாமல் இல்லை. ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

இன்று முத்தரசி உள்ளே வருவதற்கு முன்னால்தான் திறந்தார். "இந்த வருஷம் வந்ததுல இதுதாம்மா உசத்தி," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மேசையில் முத்தரசியின் படங்கள் கிடந்தன. இளஞ்சிவப்பு இதழ்கள். பூவின் பின்னால் வால்போல் வளைந்த, தேன் சுரக்கும் குழல். போன மழையில் பாறையில் குந்தியிருந்து, காகிதம் நனையாமல் குடைக்குள் வைத்து வரைந்தவை.

அவள் படங்களை அடுக்கி ஓரமாய் வைத்தாள்.

இந்தப் பிள்ளை கொடுத்தாலும் போகும். கொடுக்காவிட்டாலும் போகும்.

"கூட யாரு வர்றா?"

"யாருமில்லம்மா. தனியாத்தான்."

"ஏன், கூடப் படிக்கிற பிள்ளைக ஒருத்தரும் வரலையா?"

முத்தரசி சாரைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"ஒருத்தன் வர்றேங்கிறான். என் வகுப்புதான். மலையேறிப் பழக்கம், கயிறு கட்டத் தெரியும். எங்கம்மாதான்... பையன்கூடக் காட்டுக்குப் போனா காலை உடைச்சிருவேங்குது."

அன்றைக்கும் ஒருவன் இருந்தான். கிருபாகரன். நல்ல பையன். கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு விடிகாலையில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

அவனைத் திருப்பி அனுப்பியது அவள்தான்.

கல்யாணத்துக்கு நிற்கிற பெண், ஊர் நாலு விதமாய்ப் பேசும் என்றாள். செண்பகம் எதிர்த்துப் பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள்.

விழுந்தவுடன் உயிர் போகவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கூட ஒரு ஆள் இருந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஊர் ஒன்றும் பேசவில்லை. பதினாறாம் நாள் வந்து சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போனது.

சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எழுதுங்க சார்."

குரல் உடைந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதுங்க, அந்தப் பையனுக்கும்."

சார் நிமிர்ந்து பார்த்தார். எழுதத் தொடங்கினார்.

அவள் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்கம்மா நம்பரைச் சொல்லு தாயி."