ஒன்பதாம் நம்பரின் ஃபவுல்கள்

1957இல் கெலமங்கலத்துக்கும் தளிக்கும் நடந்த கூடைப்பந்து ஆட்டத்தில் ஸ்கோர் எழுதியவன் நான். இடைவேளையில் தளி பதினெட்டு, கெலமங்கலம் பதினொன்று. அதற்குள் தளிக்காரர்கள் நான்கு பேர் விழுந்திருந்தார்கள். ஒருவனுக்குத் தாடை உடைந்தது, ஒருவனுக்குக் கண் போனது.

"யாருப்பா இடிச்சது?" என்று நால்வரையும் கேட்டேன்.

"ஒம்பதாம் நம்பருங்க சார்."

ஸ்கோர் தாளில் ஒன்பதுக்கு நேரே நான்கு ஃபவுல் எழுதினேன். ஐந்தானால் ஆள் வெளியேற வேண்டும்.

கெலமங்கலம் அணியில் அந்த வருஷம் ஒன்பதாம் நம்பரே கிடையாது. முந்தின வருஷம் அந்தப் பனியனைப் போட்டிருந்த சம்பங்கியை, இதே நால்வரும் கூடை மாட்டிய இரும்புக் கம்பத்தோடு சேர்த்து இடித்துக் கொன்றார்கள். அன்று நான் ஒரு ஃபவுல்கூட எழுதவில்லை.

என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு முழங்கை வந்தது. தாளில் காலியாக இருந்த ஐந்தாவது ஃபவுல் கட்டத்தில் என் பல் விழுந்தது.