டவுட்டு அண்ணன்

"டீச்சர், ஒரு டவுட்டு."

பின்வரிசையிலேர்ந்து அந்தக் குரல் வந்ததுமே, கம்ப்யூட்டர்ல படம் வரையக் கத்துக்க வந்த பன்னெண்டு பேரும் ஒண்ணா பெருமூச்சு விட்டாங்க.

"கறுப்பு அம்பு, வெள்ளை அம்பு... ரெண்டும் அம்புதானே? எதுக்கு ரெண்டு?"

நேத்தே சொல்லி முடிச்ச பாடம். கேட்டவருக்கு நாப்பது வயசு இருக்கும். வகுப்புல அவருக்கு வச்ச பேர் டவுட்டு அண்ணன்.

டீச்சர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாங்க. அப்புறம், "கறுப்பு அம்பால பிடிச்சா படம் முழுசா நகரும். வெள்ளை அம்பால பிடிச்சா அந்த ஒரு புள்ளி மட்டும் நகரும்"னு சொல்லிட்டு, அப்படியே விறுவிறுன்னு அடுத்ததுக்குப் போயிட்டாங்க.

வகுப்பு முடிஞ்சதும் முன்வரிசைப் பொண்ணு நேரா மேனேஜர் முன்னாடி போய் நின்னா.

"சார், அந்த ஆளைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க. டீச்சர் ஒரு நொடி பேச்சை நிறுத்தக் கூடாது, கை மேல போயிடுது." தோளைக் குறுக்கி, குரலை இழுத்து, அப்படியே அவரை மாதிரி பேசிக் காட்டினா. "'டீச்சர்... வட்டம் எப்படி டீச்சர் போடுறது... கலர் எங்க டீச்சர் ஊத்துறது...'"

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. உடனே அடக்கிக்கிட்டார்.

"இங்க பாரும்மா. டீச்சர் ஆறு மாசம் ஆஸ்பத்திரியும் வீடுமா கிடந்துட்டு வந்திருக்காங்க. வேலை இன்னும் உறுதி ஆகல. நாளைக்கு முதலாளியே வகுப்புல உக்காந்து பார்க்கப் போறார். அதுக்கப்புறம்தான் வைக்கிறதா, அனுப்புறதான்னு முடிவு."

"அதுக்குத்தான் சார் நானும் சொல்றேன். நாளைக்கும் இவர் குறுக்க விழுந்தா, டீச்சருக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலன்னுதானே முதலாளி நினைப்பார்? நல்ல டீச்சர் சார். இவரால வேலை போகணுமா?"

நியாயமாத்தான் பட்டுது. மேனேஜர் டவுட்டு அண்ணனைக் கூப்பிட்டு விட்டார்.

"நாளைக்கு ஒருநாள் நீங்க வகுப்புக்கு வர வேண்டாம்."

"முதலாளி வர்ற அன்னிக்கா சார்? அன்னிக்கு மட்டும் இருந்துக்கறேன். மறுநாளே நின்னுடறேன்."

"அன்னிக்குத்தாங்க நீங்க இருக்கவே கூடாது."

அவர் கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தார்.

"வெளிய வராந்தாவுல உக்காந்துக்கலாமா சார்?"

"அங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?"

"சும்மாதான்."

மறுநாள் முதலாளி வந்து பின்வரிசையில உக்காந்தார். அன்னிக்குப் பாடம், புள்ளி வச்சுக் கோடு இழுக்கிற பென் டூல்.

"ஒரு தட்டு தட்டினா ஒரு புள்ளி. தள்ளி இன்னொரு தட்டு தட்டினா நடுவுல கோடு. தட்டின கையை எடுக்காம இழுத்தீங்கன்னா கோடு வளையும்." டீச்சர் குரல் கணீர்னு இருந்துச்சு. "இப்ப ஒரு இலை போடலாம்."

பெரிய திரையில இலையோட ஒரு பக்கம் அழகா வளைஞ்சு இறங்குச்சு. அடுத்த பக்கம் மேல ஏறி, முக்கால்வாசி வந்து நின்னுடுச்சு.

"இப்ப..."

எல்லாரும் காத்திருந்தாங்க.

"இப்ப..."

மவுஸ் மேல இருந்த கை அசையல. யாரோ போட்டு வச்ச படத்தைப் பார்க்கிற மாதிரி திரையையே பார்த்துட்டு நின்னாங்க டீச்சர். நெத்தி வேர்த்துடுச்சு. ஒருத்தரும் வாயைத் திறக்கல. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முன்வரிசைப் பொண்ணுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. "டீச்சருக்குத் தண்ணி கொண்டு வரேன்"னு முணுமுணுத்துட்டு வெளிய ஓடினா.

கதவு திறந்ததும் வராந்தா பெஞ்சுலேர்ந்து டவுட்டு அண்ணன் எழுந்துட்டார்.

"எங்க நின்னாங்க?"

"என்னண்ணே?"

"பென் டூல்தானே இன்னிக்கு? எது வரைக்கும் வந்தாங்க?"

"இலை... முக்கால்வாசி போட்டுட்டாங்க. அப்புறம் 'இப்ப, இப்ப'ன்னு..."

"கோட்டை எப்படி மூடுறதுன்னு கேளு. ஆரம்பிச்ச புள்ளியிலேயே போய்த் தட்டணும்னு சொல்லிடுவாங்க. நூல் நுனியை எடுத்துக் குடுத்தா போதும்மா, மிச்சம் அவங்களே கடகடன்னு போயிடுவாங்க. தலையில ஆபரேஷன் பண்ணினதுலேர்ந்து இப்படித்தான் நடுவுல நின்னு போகுது."



"அண்ணே, உங்களுக்கு இதெல்லாம்..."

"கம்ப்யூட்டர்ல வரைஞ்சு ஸ்டிக்கர் வெட்டுற கடை வச்சுப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இந்தத் தொழிலைக் கத்துக் குடுத்ததே அவங்கதான். இப்ப என் முகம் அவங்களுக்கு ஞாபகம் இல்ல. அதனாலதான் என்னால வந்து உக்கார முடிஞ்சுது. போ, சீக்கிரம்."

திரும்பி ஓடப் போனவளை மெதுவாக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, ஒண்ணும் தெரியாதவ மாதிரியே கேளு. பாவம்னு பார்த்துக் கேக்கறோம்னு தெரிஞ்சுதுன்னா, முதலாளி அனுப்புறதுக்கு முன்னாடி அவங்களே போயிடுவாங்க."