கேசட் ஜரிகை

கதவோரத்து ஸ்விட்சைத் தட்டி விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்த ரேடியோ மெக்கானிக், செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றுவிட்டார். காலையில் கடைக்குக் கிளம்பும்போது பார்த்த வீடா இது?

முட்டை அட்டையில் வெட்டிய மணிகள் கதவு நிலையில் தொங்கின. பால் கவர்களைக் கழுவிக் காயவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வெள்ளை நட்சத்திரம் செய்திருந்தாள் மனைவி. ஃபியூஸ் போன பல்புகளுக்குக்கூட விமோசனம் கிடைத்திருந்தது. கழுத்தில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டு திரைச்சீலைக் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன.

"பைசா செலவில்லீங்க. பசைகூட மைதாவைக் காய்ச்சினதுதான்" என்றாள் அவள், ஏற்ற இறக்கமில்லாத தன் வழக்கமான குரலில்.

ஆறு வருஷமாக இந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒரு காகிதத் துண்டுகூடத் தொங்கியதில்லை. ஐந்து வயதில் காய்ச்சல் வந்து பாப்பா போனாள். அவளோடு எல்லாம் போயிற்று. போன வாரம் மனைவியாகவே வந்து, "இந்தத் தடவை நட்சத்திரம் கட்டலாமாங்க?" என்று கேட்டபோது மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே கடையில் கிடந்த செத்த கேசட்டுகளை ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்து, "உள்ள இருக்கிற நாடாவை உருவி வெட்டித் தொங்கவிடு, ஜரிகை தோத்துடும்" என்று யோசனை சொன்னவரும் அவர்தான்.

சொன்னபடியே செய்திருந்தாள். சாண் சாணாக வெட்டிய பழுப்பு நாடா சுவரெல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஜன்னலில் மட்டும் நாடாவை வெட்டாமல் மேலும் கீழுமாக இழுத்து, முழுச் சட்டத்தையும் நிறைத்திருந்தாள். மின்விசிறிக் காற்றுக்கு அது ஓயாமல் மினுமினுத்தது.

"அட, கண்ணைப் பறிக்குதே! ஜன்னலுக்கு மட்டும் என்ன தனிக் கவனிப்பு?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான், மேஜைக்கு அடியில் கிடந்த காலிக் கேசட் கூடு கண்ணில் பட்டது. எடுத்துத் திருப்பினார். அவருடைய கையெழுத்து. 'பாப்பா, நாலு வயசு.'

அதில் இருந்தது பாப்பாவின் குரல். பாதிப் பாட்டு, பூனையை அதட்டுவது, "அப்பா, இது திரும்பப் பேசுமா?" என்ற கேள்வி, ஒரு நீளமான சிரிப்பு. பாப்பா என்று அவருக்கு மிச்சமிருந்தது அந்த அரை மணி நேரம்தான். தினமும் சாயங்காலம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

ஊரார் கேசட்டையெல்லாம் நகல் எடுத்துக் கொடுப்பவர், இதை மட்டும் எடுக்கவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் தொலைந்துவிடுமோ என்று பயம். நேற்று கேட்டுவிட்டு மேஜைமேலேயே வைத்துவிட்டோமே, பெட்டியில் இருந்த குப்பையோடு குப்பையாக இதையும் உருவிவிட்டாளே! தன் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"போச்சு! எல்லாம் போச்சு!" சுவரைப் பார்த்துக் கத்தினார். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக்கூடாதா?"

அவள் சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது? அவ குரல் போச்சுன்னு சொல்றதா?"

சட்டைப் பையிலிருந்து பென்சிலை உருவி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். நாடாவின் நுனி கிடைத்தால் போதும், திரும்பச் சுற்றிவிடலாம். எத்தனை கேசட்டுக்கு உயிர் கொடுத்த கை!

நுனி கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு விரலை ஓட்டினார். எங்கும் முடிச்சு இல்லை, மடிப்பு இல்லை, கத்தரி பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு ஆணியிலும் நாடா உரசாமல் இருக்கப் பஞ்சு சுற்றியிருந்தது. சுவரில் இருந்த கொத்துகள் எதற்கும் இந்த உபசாரம் நடக்கவில்லை.

ஸ்டூலில் நின்றபடியே திரும்பினார். "கூட்டுமேல கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருந்தேனே. படிக்கலையா நீ?"

"படிச்சுட்டுத்தான் எடுத்தேன்."

"தெரிஞ்சேவா? பெத்தவ பண்ற காரியமா இது?"

அவள் அழவில்லை. ஜன்னலருகே போய், ஆடிக்கொண்டிருந்த நாடாவின்மேல் உள்ளங்கையைப் பட்டும் படாமலும் வைத்தாள்.

"தினமும் கதவைச் சாத்திக்கிட்டு அரை மணி நேரம் அவகூட இருந்துட்டு வர்றீங்க. நான் வெளியில உக்காந்திருப்பேன். நீங்க வந்ததும், உங்க முகத்துல அவ கொஞ்சமாவது ஒட்டிக்கிட்டு இருக்காளான்னு தேடுவேன். ஆறு வருஷமா எனக்குக் கிடைச்சது அவ்வளவுதான்."

மெக்கானிக் ஸ்டூலை விட்டு இறங்கினார். பென்சில் கையிலேயே இருந்தது.

"நாளைக்கே நீங்க சுத்தி வெச்சுக்குங்க, நான் தடுக்கல" என்றவள், தன் இரண்டு காதுகளையும் தொட்டுக் காட்டினாள்.

"இது ரெண்டும் செத்துப்போன எனக்கு அவ குரலைக் கேக்கத்தான் கொடுத்து வைக்கல, கண்ணாலயாவது பாத்துக்கிறேனே!"