இராசேஸ்வரி கண்ட திமிங்கிலம்

முதலில் தெரிந்தவை பறவைகள்தான்.

தூரத்தில், கடலில் ஓரிடத்துக்கு மேலே மட்டும், வெள்ளையாக ஏதோ கொட்டிக்கொண்டிருந்தது. படகு கிட்டப் போன பிறகுதான் அவை ஆலாக்கள் என்று தெரிந்தது. நூற்றுக்கணக்கில். தலைகீழாக விழுவதும், அலகில் மீனோடு எழும்புவதும், ஒன்றின் வாயிலிருந்து மற்றது பறிப்பதுமாக ஒரே அமளி.

இராசேஸ்வரி எழும்பி நின்றுவிட்டாள்.

புருசன் கனகலிங்கம் அவளுடைய லைஃப் ஜாக்கெட்டின் பட்டியைப் பிடித்து இழுத்து இருத்தினார். துணுக்காயில் நெல் விதைக்கிற மனுசன் அவர். குளமென்றால் அக்கரைக்கு நீந்திப் போவார். கடலைக் கண்டால் ஆகாது. முல்லைத்தீவில் திமிங்கிலம் காட்டப் படகு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மனுசி ஒற்றைக்காலில் நின்றபடியால் வந்திருந்தார். வந்ததிலிருந்து படகின் விளிம்பை விட்டுக் கையை எடுக்கவில்லை.

விளக்கம் சொல்ல வந்த ஜெயரூபி, பறவைகள் சும்மா இப்படி ஒன்றுகூடமாட்டா என்றாள். அடியில் ஏதோ பெரியது மீன்கூட்டத்தை மேலே கலைக்கிறதாம். சூரை மீனாக இருக்கலாம். ஓங்கில் என்கிற டொல்பினாகவும் இருக்கலாம்.

திமிங்கிலமாக இருக்காதா என்று இராசேஸ்வரி கேட்டாள். கரையை விட்டுப் புறப்பட்டதிலிருந்து அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாரி தொடங்கப் போகிறது அன்ரி, இந்தப் புரட்டாதியில் ஒருத்தருக்கும் தட்டுப்படவில்லை, ஏமாந்து போகாதீர்கள் என்று ஜெயரூபி பதமாகச் சொன்னாள்.

படகோட்டி சுதாகரன் எஞ்சினை நிறுத்தினான்.

பறவைகளின் கத்தல் மட்டும்தான். வவுனியாவிலிருந்து சுற்றுலா வந்த வங்கிக்காரர்கள் போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆலாக்களைப் படமெடுத்தார்கள். இராசேஸ்வரி பறவைகளைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கடலில் அவள் இதற்கு முன் ஒரு தரம்தான் போயிருக்கிறாள்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில், காயப்பட்டவர்களை ஏற்றிப்போன கப்பலில். முதுகில் செல் துண்டு. மேல்தட்டில் கிடத்தியிருந்தார்கள். கனகலிங்கத்தை ஏற்றவில்லை, அவர் கரையில் நின்றுவிட்டார். கப்பல் வெளிக்கிடும்போது, கறுப்பாக, ஒரு வீட்டுக்கூரை அளவில் என்னவோ தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து மூச்சு விட்டதை அவள் கண்டாள்.

ஆஸ்பத்திரியில் சொன்னபோது, காய்ச்சல் கூடினால் அப்படித்தான் தெரியும் என்று தாதி தலையைத் தடவிவிட்டாள். பிறகு செட்டிகுளத்து முகாமில் அவளைத் தேடிப் பிடித்த கனகலிங்கமும் காய்ச்சல் என்றுதான் சொன்னார். சொந்தக்காரரும் அதையே சொன்னார்கள். அன்றைக்கு அவள் கண்ட எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான் பதில். நாளடைவில் அவளும் சொல்வதை விட்டுவிட்டாள்.

திடீரென்று ஒரு வாடை வந்தது. மீன்பெட்டியை மூக்குக்கு நேரே திறந்த மாதிரி.

ஆலாக்கள் எல்லாம் ஒரே வீச்சில் மேலே எழும்பின.

அதற்குப் பிறகுதான் அந்த மூச்சு. பெரிய பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்று காற்றை விட்ட மாதிரி, புஸ்ஸென்று. தென்னை உயரத்துக்குத் தண்ணீர்ப் புகை. அதன் கீழே ஒரு முதுகு. அது வந்தது, வந்தது, வந்துகொண்டேயிருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தால் இன்னும் வந்தது. கடைசியில் வால், இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிய அகலத்தில், வானத்தில் ஒரு கணம் நின்று, சத்தமேயில்லாமல் உள்ளே போனது.

வங்கிக்காரர்கள் கத்தினார்கள். ஒருவருடைய போன் கடலுக்குள் போய்விட்டது. அவருக்கு அது தெரியவேயில்லை. ஜெயரூபிக்குச் சொல்ல வேண்டிய விளக்கமெல்லாம் மறந்துபோயிற்று. சுதாகரன் எஞ்சினை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான்.

கனகலிங்கமும் எழும்பி நின்றார். எப்போது எழும்பினார், எப்போது விளிம்பை விட்டார் என்று அவருக்கே தெரியாது. முகமெல்லாம் உப்புத் தண்ணீர். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இராசேஸ்வரி அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து உலுப்பினாள்.

“கண்டனீங்களோ?”

“ஓம். கண்டனான்.”

“வடிவாச் சொல்லுங்கோ. காய்ச்சல் இல்லைத்தானே?”

அவர் கண்ணைத் துடைத்தார். “என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான். அண்டைக்கு நீ சொன்னது மெய்தான்.”

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அன்ரி குடுத்து வைத்தவ என்றாள் ஜெயரூபி.

அந்தக் கப்பலிலிருந்து அவள் கண்டது திமிங்கிலத்தை மட்டுமல்ல.

காயக்காரரை ஏற்றிவிட்டு வெறுமையாகக் கரைக்குத் திரும்பிய சின்னப் படகில், தகப்பனின் நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு, அவளுக்குக் கைகாட்டியபடி நின்றவன் அவர்களுடைய மகன் தர்சன். செல் விழுந்து அவன் செத்துப்போனான் என்று செய்தி வந்து ஒரு கிழமை கழிந்த பிறகு. உடலை ஒருவரும் கண்டதில்லை.

இராசேஸ்வரி சேட்டை விடாமல் அவரைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அப்ப மற்றதும் மெய்தான். வீட்ட போன உடன பிள்ளையின்ர படத்தில இருக்கிற மாலையைக் கழட்டுங்கோ.”