தோள் சக்கரம்

பென்னலூர்ப் பூங்காவில், காலை ஆறே முக்கால் வெயில் உடற்பயிற்சிக் கருவிகளின் மஞ்சள் பெயிண்டில் வந்து உட்கார்கிறது. உள்ளூர்க்காரி மரகதம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடைக் கருவியில் ஏறி நின்ற இடத்திலேயே நடக்கிறாள்; எண்ணெய் காணாத இரும்பு கிறீச்சிடுகிறது. எதிரே, இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பாண்டிச்செல்வி, கழுத்தில் அடையாள அட்டையோடு தோள் சக்கரத்தின் கைப்பிடியைப் பற்றி நிற்கிறாள். 'தோள் மூட்டு இளகும். இரு கைகளாலும் பத்துச் சுற்று' என்கிறது பலகை. அதில் வரைந்திருக்கும் பெண் சிரித்துக்கொண்டே சுற்றுகிறாள். பாண்டிச்செல்வியின் இடக்கை முழு வட்டம் போய் வருகிறது. வலக்கை நெஞ்சு உயரத்தில் நின்றுவிடுகிறது. மூன்று வருடமாகக் கம்பெனியின் அசெம்பிளி லைனில் அந்தக் கை ஸ்குரூ முடுக்கும் உயரம் அதுதான்.

"இன்னாம்மா, அதுக்கு மேல போவலியா?"

"வரமாட்டேங்குக்கா. நாளைக்குக் கம்பெனி டாக்டர் முன்னாடி ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் காட்டணும். தூக்கினாத்தான் வேலையில வச்சிக்கிடுவாகளாம்."

கிறீச்சொலி நிற்கிறது. மரகதம் இறங்கி வந்து சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கிறாள். "நீ சும்மா புடிச்சிகினு இரு. நான் சுத்தறேன்." சக்கரம் மெதுவாகத் திரும்புகிறது. பாண்டிச்செல்வி பல்லைக் கடிக்கிறாள். அட்டையின் உறையில் வெயில் மின்னி அணைகிறது. கைப்பிடி உச்சிக்கு வருகிறது. அதைப் பற்றிய வலக்கையும் அங்கே, தலைக்கு மேலே நிற்கிறது.

"பாத்தியா, வந்துட்ச்சி!"

பாண்டிச்செல்வி அண்ணாந்து, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் தன் கையைப் பார்க்கிறாள்.

"நாளைக்கு அங்க நீங்க இருக்க மாட்டீகளேக்கா."